ஸ்பானிஷில் செத்துப்போன அப்பா

கல்லூரியில் சேர்ந்த முதல் வாரமே நெட்டை தன் அப்பாவைச் சாகடித்துவிட்டாள். வேண்டுமென்று செய்யவில்லை. அன்றைக்கு அவள் கையில் இருந்த ஸ்பானிஷ் அவ்வளவுதான்.

அந்தக் கல்லூரியில் ஸ்பானிஷ் மூன்று வருஷப் படிப்பு. வணக்கம் சொல்லக்கூடத் தெரியாமல் வரும் பிள்ளைகளை வாதாடும் அளவுக்குப் பேச வைத்து அனுப்ப வேண்டும். பேராசிரியைக்கு ஸ்பானிஷ்தான் தாய்மொழி. வேறு தேசத்திலிருந்து வந்தவர். அவர் வகுப்பில் ஒரு சட்டம் உண்டு. ஒருவர் தன் வீட்டைப் பற்றி ஏதாவது சொன்னால், பக்கத்தில் இருப்பவர் அதைப் பிடித்துக்கொண்டு மூன்று கேள்வி கேட்க வேண்டும்.

பிள்ளைகள் சும்மா இருப்பார்களா? உண்மையைச் சொல்லி மாட்டிக்கொள்வதைவிட வாய்க்கு வருவதைச் சொல்வது மேல் என்று இரண்டே நாளில் தெரிந்துகொண்டார்கள். சுருட்டை முடிக்காரன் வீட்டில் பூனைகூடக் கிடையாது. ஸ்பானிஷில் அவன் குதிரை வைத்திருந்தான். ஒற்றைப் பிள்ளையாகப் பிறந்த ஒருத்திக்கு நான்கு தங்கைகள், நிறங்களின் பெயர் சொல்லிப் பழக வசதியாக ஆளுக்கொரு நிறத்தில் சட்டை.

நெட்டையின் முறை வந்தது. அப்பா என்ன செய்கிறார்? அவள் அப்பா லிஃப்ட் மெக்கானிக். கம்பெனியை மூடிவிட்டதால் வேலை போய், வீட்டில் நன்றாகச் சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறிகளைக் கழற்றிக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார். வீட்டில் இருக்கிறார் என்றால் ஏன் என்று கேட்பார்கள். அவளிடம் இருந்த வீடு, மேசை, நாற்காலி ஆகிய மூன்று வார்த்தைகளை வைத்துக்கொண்டு அந்த ஏனுக்குப் பதில் சொல்ல முடியாது. பாடப்புத்தகத்தில் ஒரு ராஜாவின் குடும்பப் படம் இருந்தது. அதில் பாதிப் பேர் இறந்தவர்கள். அந்த வார்த்தை மட்டும் மனப்பாடம்.

இறந்துவிட்டார் என்றாள்.

பக்கத்தில் இருந்த சுருட்டை தன் மூன்று கேள்வியையும் மறந்துவிட்டான். பேராசிரியை எழுந்து வந்து அவளை இறுக அணைத்துக்கொண்டு அழுதார். தன் அப்பாவைப் பறிகொடுத்து அப்போது ஒரு வருஷம்கூட ஆகவில்லை அந்த அம்மாளுக்கு. நெட்டை திகைத்துப்போய் அவர் தோளுக்கு மேலே கரும்பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

குதிரை பொய் என்று எல்லோருக்கும் தெரியும். இதை மட்டும் எல்லோரும் நம்பிவிட்டார்கள். அணைத்துக்கொண்டு அழுத விஷயத்தை யார் போய்ச் சரிபார்ப்பது?

ஒரு பொய்யை மறைக்க ஒன்பது பொய் என்பார்கள். இரண்டாம் வருஷம், நடந்து முடிந்த ஒரு சம்பவத்தைச் சொல் என்றார்கள். நெட்டை அப்பாவின் கடைசி நாளைச் சொன்னாள். மாரடைப்பு, தூக்கத்திலேயே, வெளியே மழை. மூன்றாம் வருஷம், நடக்காத ஒன்று நடந்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று பேச வேண்டும். 'அப்பா இன்று இருந்திருந்தால்' என்று அவள் பேசியதைக் கேட்டுப் பேராசிரியை கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். அரசியல், வானிலை என்றால் தட்டுத்தடுமாறும் நாக்கு அப்பாவின் சாவு என்றால் தண்ணீராய் ஓடியது. கெட்டிக்காரிதான், என்ன செய்ய.

இதற்குள் அந்த மனிதருக்கு வேறொரு லிஃப்ட் கம்பெனியில் வேலை கிடைத்திருந்தது. கூட வேலை செய்கிறவர்களிடமெல்லாம் தன் மகளின் ஸ்பானிஷைப் பற்றித் தம்பட்டம் அடித்தார். காலையில் முகம் மழித்துக்கொண்டே, எனக்குப் புரியாது, இருந்தாலும் ஏதாவது பேசு என்பார். மேசையின் மேல் புத்தகம் இருக்கிறது என்று சொல்லிவிட்டு அவள் செருப்பை மாட்டிக்கொண்டு ஓடிவிடுவாள். விஷயம் என்றைக்காவது அப்பா காதில் விழுந்துவிடுமோ என்ற பயம் மட்டும் அவளை விடவில்லை.

கடைசிப் பேச்சுத் தேர்வு நாலாம் மாடியில். பிள்ளைகள் வராந்தாவில் காத்திருந்தபோது பேராசிரியை ஏறிவந்த லிஃப்ட் மூன்றுக்கும் நாலுக்கும் நடுவில் நின்றுவிட்டது. உள்ளே இருந்து அவர் கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. காவலாளி லிஃப்ட் கம்பெனிக்குப் போன் செய்தார். கொஞ்ச நேரத்தில் கருவிப் பெட்டியோடு மூச்சு வாங்கப் படியேறி வந்தது நெட்டையின் அப்பா.

அவள் சட்டென்று தூணுக்குப் பின்னால் ஒதுங்கினாள். அவ்வளவு உயரத்தை வைத்துக்கொண்டு எங்கே ஒளிவது? அப்பா பார்த்துவிட்டார். வேலை முடியட்டும் என்று கையைக் காட்டிவிட்டு மொட்டைமாடி மெஷின் அறைக்குப் போனார். மோட்டார் சக்கரத்தைக் கையால் சுற்றி லிஃப்டை நாலாம் மாடிக்குக் கொண்டுவந்தார், இறங்கி வந்து சாவி போட்டுக் கதவைத் திறந்தார். பேராசிரியை வியர்க்க விறுவிறுக்க வெளியே வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னார்.

"இருக்கட்டும் மேடம். என் பொண்ணு உங்ககிட்டதான் படிக்கிறா. அதோ, அந்த உயரமானவ."

பேராசிரியை அவளைப் பார்த்தார். அப்பாவைப் பார்த்தார். நம் மொழியைப் புத்தகத்தில் படித்தவர் அந்த அம்மாள், பேசுவதும் புத்தகம் போலவே இருக்கும்.

"மன்னிக்கவும். ஆனால் நீங்கள் இறந்துவிட்டீர்களே."

வெளிநாட்டுக்காரம்மா வார்த்தையை மாற்றிப் போட்டுவிட்டார் என்று நினைத்து அப்பா கடகடவென்று சிரித்தார். கூடச் சிரிக்கட்டும் என்று பிள்ளைகளைப் பார்த்தார். ஒருவரும் சிரிக்கவில்லை. சுருட்டை பேயைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தான். அப்பாவின் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக நின்றது. பிறகு மகளைப் பார்த்தார்.

பேராசிரியை தேர்வு அறைக்குள் போய்விட்டார். அப்பா பெட்டியை எடுத்துக்கொண்டு படிக்கட்டுப் பக்கம் நடந்தார். நெட்டை பின்னாலேயே போனாள்.

"எதுல செத்தேன்?"

"மாரடைப்புப்பா. தூக்கத்துல."

"கஷ்டப்படுத்தாமத்தான் அனுப்பியிருக்க."

அவள் மளமளவென்று சொன்னாள். முதல் வாரம், மூன்று கேள்வி, வீடு, மேசை, நாற்காலி, ராஜாவின் குடும்பப் படம். அப்பா பொறுமையாகக் கேட்டார்.

"சரி. அப்ப உனக்கு வார்த்தை தெரியல. அப்புறம்? எனக்கு வேலை கிடைச்சப்பவாவது எழுப்பி உட்கார வெச்சிருக்கலாமே?"

இன்னொரு பொய் சொல்ல அவளுக்குத் தெம்பில்லை. "உங்க சாவைப் பத்திப் பேசுறப்பதான்பா நான் ரொம்ப நல்லாப் பேசுறேன்னு மேடம் சொன்னாங்க."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது. அவள் வாயை அவளே பொத்திக்கொண்டாள். அப்பா கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். அவர் பெட்டியின் கைப்பிடியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டார், அவ்வளவுதான்.

"உயிரோட இருக்கிறவனைப் பத்திப் பேச உனக்கு ஒண்ணுமே கிடைக்கலையா பாப்பா?"

பதிலுக்குக் காத்திருக்காமல் இறங்கினார். தேர்வு அறையிலிருந்து அவளைக் கூப்பிட்டார்கள். அவள் அசையவில்லை. செத்த அப்பாவுக்குப் பிடித்த பாட்டு, அவர் கடைசியாகப் போட்டிருந்த சட்டை, அன்று பெய்த மழை எல்லாம் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். கீழே படியிறங்கிக்கொண்டிருந்த மனிதர் காலையில் சாப்பிட்டாரா என்பதுகூட அவளுக்குத் தெரியாது.