வேட்பாளர் வீட்டு மொய் விருந்து

காண்ட்ராக்டர் எவரிடமும் ஒரு பைசா வாங்க மாட்டேன் என்று மாலதி அறிவித்தது ஒரத்தநாடு பேருந்து நிலையத்தில், மைக்கில், பத்துப் பதினைந்து செல்போன்கள் படம் பிடித்துக்கொண்டிருக்க. அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தத் தெரிந்தவளாக இருந்தால் அவள் ஏன் மாவட்டக் கவுன்சிலர் தேர்தலுக்கு நிற்கப்போகிறாள்? "வாய்க்காலைத் தூர் வாராமலே பில் போடுறவங்க காசு என் வண்டி பெட்ரோல் டேங்க்ல கூட விழாது" என்று ஒரு வரி சேர்த்துவிட்டாள். அந்த வரிதான் ஊர் ஊராகச் சுற்றியது.

பிடாரி வாய்க்கால் மூன்று வருஷமாகக் காகிதத்தில் மட்டும் தூர் வாரப்பட்டு வந்தது. கடைமடையில் இருந்த மாலதியின் வயலுக்குத் தண்ணீர் வராமல் குறுவை கருகியபோது, ஆகாயத்தாமரையை ஒரு சாக்கில் கட்டிக்கொண்டு போய் அதிகாரியின் மேசைமேல் கொட்டியவள் அவள். அந்த ஒரு காரியத்தில்தான் சுற்றுவட்டாரத்துக்கே அவளைப் பிடித்துப்போனது. அந்த வாய்க்காலுக்குப் பில் போட்ட காண்ட்ராக்டர் வைத்தியலிங்கம். பெயரைச் சொல்லாமல் அவள் திட்டியது யாரை என்று ஊரில் தெரியாதவர் இல்லை.

பேச்சு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஜீப்புக்கு வாடகை வேண்டும், மைக் செட்டுக்கு வாடகை வேண்டும், கூட வருகிறவர்களுக்கு டீயாவது வேண்டும். கதிர் அறுக்கும் இயந்திரத்தை வாடகைக்கு விட்டுப் பிழைக்கும் அவள் கணவர் துரைராசு ஒருநாள் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தபடியே பேச்சை எடுத்தார்.

"மொய் விருந்து வச்சிருவோமா?"

"ஏங்க, யார்கிட்டயும் கை நீட்ட மாட்டேன்னு இப்பதான் கத்திட்டு வந்திருக்கேன்."

"இது கை நீட்டுறது இல்லையே. ஊர்ல ஒரு வீடு விடாம நாம எழுதியிருக்கோம். இத்தனை வருஷமா நாம ஒரு விருந்து வைக்கல. நம்ம காசு நமக்கு வருது. இதுக்குப் பேரு நன்கொடையா?"

அந்தப் பக்கத்துக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆடி, ஆவணி வந்தால் பந்தல் போட்டு, கிடா வெட்டி, கறிச்சோறு போட்டு மொய் வாங்குவார்கள். கல்யாணம், காதுகுத்து என்று காரணம்கூடத் தேவையில்லை. வாங்கியவர், எழுதியவர் வீட்டு விருந்தின்போது திருப்பி எழுத வேண்டும். வட்டியில்லாத, பத்திரமில்லாத, ஆனால் வங்கிக் கடனைவிடக் கறாரான ஏற்பாடு அது.

தேர்தல் தேதி அறிவிக்கும் முன்பே விருந்தை முடித்துவிட வேண்டும் என்று துரைராசு அவசரப்பட்டார். மாலதியும் தலையை ஆட்டினாள். கொள்கையும் கெடாது, ஜீப்பும் வந்துவிடும் என்றால் யாருக்குத்தான் கசக்கும்? இருவரும் ஒன்றை மட்டும் யோசிக்கவில்லை. மொய் எழுத வருகிறவரைத் திருப்பி அனுப்பும் வழக்கம் அந்த ஊரில் கிடையாது.

கறி வெந்து, இரண்டாம் பந்தி நடந்துகொண்டிருந்தபோது வைத்தியலிங்கம் வெள்ளை வேட்டி சரசரக்க வந்தார். சிரித்த முகமாக எழுதும் மேசைக்குப் போனார். மைக்காரர் வழக்கம்போல முழங்கினார்: "வைத்தியலிங்கம் அவர்கள், ரூபாய் இரண்டு லட்சம்." பந்தியில் எலும்பு கடித்துக்கொண்டிருந்தவர்கள்கூட நிமிர்ந்து பார்த்தார்கள். மாலதிக்கு உடம்பெல்லாம் கூசியது. மேடையென்றால் நாலு வார்த்தை கேட்டிருப்பாள். வீட்டுக்குச் சாப்பிட வந்தவரை என்ன கேட்பது? "சாப்பிட்டுப் போங்கண்ணே" என்றுதான் வாயில் வந்தது.

அன்றைக்குச் சாயங்காலமே அந்த மைக் சத்தம் செல்போன்களில் கிளம்பிவிட்டது. முதலில் பேருந்து நிலையப் பேச்சு, அதன் வாலில் "ரூபாய் இரண்டு லட்சம்." யாரோ பொறுமையாக உட்கார்ந்து ஒட்டியிருந்தார்கள். மறுநாள் மளிகைக் கடையில், "என்னக்கா, பெட்ரோல் டேங்க் ரொம்பிருச்சா?" என்று கேட்டார்கள். அவளும் சேர்ந்து சிரித்துவிட்டு வந்து, வீட்டில் அழுதாள். ஆகாயத்தாமரையைச் சுமந்த நாளில் இருந்த மரியாதை ஒரே பந்தியில் போய்விட்டதே என்று மனசு அடித்துக்கொண்டது.

பணத்தை ஒரு மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு நேராக வைத்தியலிங்கம் வீட்டுக்கே போனாள்.

"என்னம்மா இது, மொய்யைக் கொண்டாந்து வாசல்ல நீட்டுறீங்க? நாலு பேர் பார்த்தா என்னைப் பத்தி என்ன நினைப்பாங்க? என் வீட்டுல ஒரு விசேஷம் வரட்டும், வந்து எழுதுங்க. இப்ப காபி சாப்பிடுங்க" என்றார் அவர்.

"எப்பண்ணே வரும்?"

"வரும்போது வரும். என்ன அவசரம்? நீங்க ஜெயிச்சு வாங்க முதல்ல."

அந்தக் கடைசி வார்த்தையில்தான் மாலதிக்கு எல்லாம் புரிந்தது. இந்த மனிதர் ஊராட்சித் தலைவர்கள், ஒன்றியப் பிரமுகர்கள், கட்சிக்காரர்கள் என்று ஒருவர் விடாமல் எல்லாருக்கும் மொய் எழுதியிருக்கிறார். தன் வீட்டில் மட்டும் விருந்து வைப்பதே இல்லை. திருப்பித் தர வழியில்லாத வரைக்கும் மொய் வாங்கியவன் வாய் திறக்க முடியாது. அவளும் இனி அந்த வரிசையில் ஒருத்தி.

வாசல்வரை வழியனுப்ப வந்தவர் வைத்தியலிங்கத்தின் மனைவி அகிலாண்டம். கேட்டருகே நின்று மெதுவாகப் பொருமினார். "எங்க வீட்டுலயாவது, விசேஷமாவது. கல்யாணமாகி வந்த நாள்லேர்ந்து பாக்குறேன், எழுதிக்கிட்டே இருக்காரு. ஒரு தடவை வாங்குவோம்னா வாயே திறக்குறதில்ல. எங்க அண்ணன் பொண்டாட்டி கேக்குறா, உங்களுக்கு ஊர்ல யாரும் மொய் வைக்க மாட்டாங்களான்னு. எனக்குத் தூக்குப் போட்டுக்கலாம் போல இருந்துச்சு."

மாலதி மஞ்சள் பையை இடுப்பில் இடுக்கிக்கொண்டாள். விருந்துக்குப் பிறகு முதல்முறையாக அவள் முகத்தில் வெளிச்சம் வந்தது.

"அக்கா, எங்க சித்தப்பா மகன் ஆவணியில கூட்டு விருந்து வைக்கிறான். ஒரே பந்தல், அஞ்சு குடும்பம், செலவைப் பிரிச்சுக்கிறாங்க. ஆறாவதா உங்க குடும்பத்தையும் சேர்த்துக்கச் சொல்லட்டுமா?"

"அவரு ஒத்துக்க மாட்டாரே."

"மொய் குடும்பத்துக்குத்தானக்கா? அழைப்பிதழ்ல உங்க பேரும்தான வரப்போகுது, நீங்க சொன்னாப் போதாதா?"

அகிலாண்டம் ஒருமுறை உள்ளே திரும்பிப் பார்த்தார். பிறகு, "எத்தனை கிடான்னு கேட்டுச் சொல்லு" என்றார்.

வைத்தியலிங்கம் விஷயத்தைத் தெரிந்துகொண்டது கடைத்தெருவில் கட்டியிருந்த ஃபிளெக்ஸைப் பார்த்துத்தான். ஆறு தம்பதிகள் கைகூப்பி நிற்க, ஆறாவதாகத் தானும் தன் மனைவியும் நிற்பதைக் கண்டு பைக்கை நடுரோட்டிலேயே நிறுத்திவிட்டாராம். அதற்குள் அழைப்பிதழ் எல்லா ஊருக்கும் போயிருந்தது. நிறுத்தச் சொன்னால் மாமனார் வீடே திரண்டு வந்து காரணம் கேட்கும். காரணத்தை அவரால் சொல்ல முடியுமா?

விருந்தன்று அவர் மேசைக்கு முன்னால் நின்ற வரிசை பந்தலைத் தாண்டி வாய்க்கால் பாலம்வரை போனது. மற்ற ஐந்து மேசைக்காரர்களும் எட்டி எட்டிப் பார்த்தார்கள். பட்டுப் புடவையில் உட்கார்ந்திருந்த அகிலாண்டத்துக்குப் பூரிப்பு தாங்கவில்லை. பக்கத்தில் வைத்தியலிங்கம், பல் பிடுங்கப் போனவர் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

வந்தவர்கள் எல்லாரும் வாங்கியதோடு கொஞ்சம் கூடுதலாகச் சேர்த்தே எழுதிக்கொண்டிருந்தார்கள். கூடுதலாக எழுதினால் உறவு தொடர்கிறது என்று அர்த்தம். வாங்கியதை மட்டும் அப்படியே எழுதிவிட்டு, இத்துடன் முடித்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டால் இரு பக்கமும் பாக்கி இல்லை. முகத்துக்கு நேரே அப்படிச் சொல்ல அந்த ஊரில் யாருக்கும் மனசு வராது. இரண்டு தலைமுறைச் சண்டை இருந்தால்தான் சொல்வார்கள்.

மாலதியின் முறை வந்தது. துரைராசு அவள் காதருகே வந்தார். "ஒரு ஆயிரமாவது சேர்த்து எழுது. பந்தல்ல வச்சு அசிங்கப்படுத்தாத." அகிலாண்டத்தின் மலர்ந்த முகத்தைப் பார்க்க அவளுக்குப் பாவமாகக்கூட இருந்தது. ஆனாலும் கட்டுகளை மேசைமேல் வைத்தாள்.

"ரெண்டு லட்சம். நீங்க எழுதினது அவ்வளவுதான். இதோட முடிச்சுக்கிறேண்ணே."

மைக்காரர் திகைத்து வைத்தியலிங்கத்தைப் பார்த்தார். அவர் தரையைப் பார்த்தார். வேறு வழியில்லாமல் மைக்காரர் அதை அப்படியே அறிவித்தார். பந்தியில் குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தவர் கரண்டியோடு நின்றார்.

அவளுக்கு அடுத்து நின்றவர் அப்துல் அஜீஸ், பக்கத்து ஊராட்சித் தலைவர். பிடாரி வாய்க்கால் அவர் ஊர் வழியாகத்தான் வருகிறது. அத்தனை வருஷமும் அந்த வாய்க்காலைப் பற்றி ஒரு வார்த்தை பேசாதவர். கையிலிருந்த நோட்டுக் கட்டை ஒருமுறை பார்த்தார், அதிலிருந்து மேலே இருந்த சில நோட்டுகளை உருவிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"எனக்கும் முடிச்சு எழுதுங்க" என்றார்.

அவருக்குப் பின்னாலும் சிலர் நோட்டுகளை உருவத் தொடங்கினார்கள். எல்லாரும் இல்லை. பாதிப் பேர் வழக்கம்போலக் கூடுதலாகவே எழுதிவிட்டுச் சாப்பிடப் போனார்கள்.

"மத்த மொய்யெல்லாம் விருந்துச் செலவுக்கே சரியாப் போச்சு. ஜீப்புக்கு என்ன செய்யப்போற?" என்று பந்தியில் உட்கார்ந்ததும் துரைராசு கேட்டார். குரலில் கோபம் இருந்தது, ஆனால் அவள் இலைக்குத் தன் பங்கு ஈரலைத் தள்ளிவிட்டார்.

"உங்க டிவிஎஸ் இருக்கே. பெட்ரோல் நான் போட்டுக்கறேன்."

எதிர் வரிசையில் அப்துல் அஜீஸ் சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டு இலையைத் தாண்டிக் குனிந்தார். பந்தல் முழுக்கக் கேட்கிற குரலில்தான் பேசினார்.

"மாலதியம்மா, திங்கக்கிழமை எங்க ஊருக்கு வாங்க. அந்த வாய்க்கால் எங்கெங்க தூர் வாரலன்னு நானே கூட நடந்து வந்து காட்டுறேன்."