பாக்கியசீலன் சாரின் வாழ்க்கைக் குறிப்பு

பாக்கியசீலன் சார் கைப்பையைத் திறந்தார். அதற்குள் இருந்த மூக்குக்கண்ணாடிக் கூட்டைத் திறந்தார். அதற்குள் கைக்குட்டையில் சுற்றியிருந்த பென்டிரைவை எடுத்து மேஜைமேல் வைத்தார். சர்ச்சில் கொடுக்கும் திருவிருந்து அப்பத்தைக்கூட பாளையங்கோட்டையில் யாரும் இத்தனை பயபக்தியோடு கையாண்டதில்லை.

"பணி செய்ய மறுக்கிறது" என்றார். தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். சாமான்களைப் பற்றிப் பேசினாலும் கீழே வேலை பார்த்தவர்களைப் பற்றிப் புகார் எழுதுவதுபோலத்தான் இருக்கும்.

கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் அந்தக் கடை அஸீலாவுடையது. "சொருகுனா என்ன வருது சார்?"

"ஃபார்மட் செய்ய அனுமதி கேட்கிறது. மறுத்துவிட்டேன்."

"நல்ல வேளை. குடுத்திருந்தா பாடுதான். உள்ள என்ன வச்சிருந்தீங்க?"

"என் வாழ்க்கைக் குறிப்பு."

சபையில் ஒருவர் இறந்தால் அடக்க ஆராதனையில் அவருடைய வாழ்க்கைக் குறிப்பை வாசிப்பார்கள். பிள்ளைகள் எழுதிக் கொடுப்பது வழக்கம். சாரின் மனைவி சாலோமி இறந்தபோது, கனடாவிலிருந்து வந்த மகன் கிங்ஸ்டன் விமானக் களைப்போடு எழுதியது முக்கால் பக்கம். அதில் பிறந்த ஊரே தப்பு. களக்காட்டுக்காரியை அம்பாசமுத்திரத்தில் பிறக்க வைத்து அடக்கம் செய்தார்கள். அன்றைக்கே சார் முடிவெடுத்தார், தன்னுடையதைத் தானே எழுதிவிடுவது என்று. நாற்பது பக்கம் வந்தது. பள்ளிக்கூடத்துக்குச் சுற்றுச்சுவர் எழுப்பிய வரலாறு தனி அத்தியாயம். முழுவதையும் வாசித்தால், இறந்தவரே எழுந்து 'போதும்' என்று கையமர்த்தினால்தான் உண்டு.

"வேற காப்பி இல்லையா?"

"கணினியில் வைத்தால் வீட்டில் யாராவது படித்துவிடக்கூடும்."

"சரி. வேலை ஓடிக்கிட்டு இருக்கும்போதே பிடுங்குனீங்களோ?"

சார் தொண்டையைச் செருமினார். "ஏழு மணி ஆகிவிட்டது. குடும்ப ஜெபம்."

ஏழு அடித்தால் அந்த வீட்டில் எல்லாம் அணைய வேண்டும். டிவி, மிக்ஸி, விருந்தாளியின் பேச்சு உட்பட. எழுதியது பென்டிரைவில் பதிந்துகொண்டிருந்தபோது ஏழு அடித்திருக்கிறது. சார் பிடுங்கிவிட்டார்.

"ஒரு நிமிசம் பொறுக்க மாட்டாங்களாக்கும்? ஜெபத்துக்கு எத்தனை பேரு உக்காருவீங்க?"

சார் மேலே ஓடும் ஃபேனைப் பார்த்தார். "நான்தான்" என்றார்.

அஸீலா பென்டிரைவைக் கையில் எடுத்துக்கொண்டாள். "பைய பாக்குதேன். நாளைக்கு வாங்க" என்றாள்.

மறுநாள் கடை திறக்கும் முன்பே சார் வாசலில் நின்றார். அஸீலா பென்டிரைவில் இருந்ததை அப்படியே ஒரு நகல் எடுத்து, அந்த நகலைத் துழாவியிருந்தாள். கோப்புகளின் பெயரெல்லாம் போய்விட்டது. கடைசியாக எழுதியதில் பாதிக்கு மேல் கட்டமும் கேள்விக்குறியுமாக வந்தது. சுற்றுச்சுவர் அத்தியாயம் முழுக்கக் கேள்விக்குறிகள். அந்தச் சுவரைப் பற்றி ஊரில் சிலர் ஏற்கெனவே கேட்டவைதான்.

"ஆனா முன்னால எழுதி அழிச்ச பக்கம் ஒண்ணு முழுசா கெடைச்சிருக்கு சார். அழிச்சாலும் ஒடனே போயிராது. அதுமேல வேற எழுதுத வரைக்கும் அங்கனயேதான் கெடக்கும்." அவளே வாசித்தாள்.

'ஜெபத்துக்கு உட்கார்ந்தால் காலை நீட்டிவிடுவேன். எதிர் நாற்காலியில் போய் இடிக்கும். கண்ணைத் திறக்காமலே "மடக்குங்க" என்பாள் சாலோமி. அவள் போன பிறகு ஒருநாள் அந்த நாற்காலியின் மேலேயே காலைத் தூக்கி வைத்துப் பார்த்தேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. எடுத்துவிட்டேன்.'

அஸீலா நிறுத்தினாள். வெளியே ஒரு மினி பஸ் ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டு போனது.

"இது என்னுடையதல்ல" என்றார் சார்.

"ஒங்க பென்டிரைவ்லதான் சார் இருந்துச்சு."

"வாங்கும்போதே இருந்திருக்கும்."

"சாலோமின்னு பேரு வருதே."

"பாளையங்கோட்டையில் தெருவுக்கு நான்கு சாலோமி."

"அப்ப சரி. அழிச்சிருதேன்." அவள் கை மவுஸுக்குப் போனது.

"ஏய், இரும்மா!" சாரின் இலக்கணம் அந்த இடத்தில் கழன்று விழுந்தது. "அவசரப்படாத. எழுதுனவன் தேடி வருவான்லா? வந்தா என்ன சொல்லுவ?"

அஸீலா கையை எடுத்தாள். "வச்சிருக்கேன். ஒங்க குறிப்புக்கு என்ன செய்ய? செவரு போயிட்டே."

"செவரு எங்க போவப் போவுது" என்றார் சார். பென்டிரைவைக் கைக்குட்டையில் சுற்றாமல் வெறுமனே சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நடந்தார்.

அதன்பிறகு மத்தியான வேளைகளில் வர ஆரம்பித்தார். பிளாஸ்டிக் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காருவார். "யாரும் வந்தாங்களா?" என்பார். "இல்ல சார்" என்பாள். "வருவான், வருவான்" என்று அவரே அவளுக்கு ஆறுதல் சொல்வார். ஆதார் அட்டையை ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்களையெல்லாம் சந்தேகமாக ஏறிட்டுப் பார்ப்பார். கனடாவிலிருந்து போன் வந்தால், "ஒரு வேலையா இருக்கேம்ல, பொறவு பேசுதேன்" என்று வைத்துவிடுவார். அந்தப் பக்கம் மகன் ஆச்சரியப்பட்டிருக்க வேண்டும். அப்பாவுக்கு வேலை வந்து பல வருடங்கள் ஆகிறது.

வெள்ளிக்கிழமை, பாங்கு சொல்லி முடித்ததும் அஸீலா எழுந்தாள். "வீட்டுல போயி தொழுதுட்டு வந்திருதேன் சார். செத்த நேரம் கடையப் பாத்துக்கிடுங்க. அந்த ஆளு வந்தாலும் வருவாரு." மவுஸை நாலு தட்டு தட்டினாள். அந்தச் சாலோமி பக்கத்தைத் திறந்து எழுத்தைப் பெரிதாக்கினாள். திரையை அவர் பக்கம் திருப்பிவிட்டு, ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுப் போனாள்.

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டினார். மறுபடி கழற்றினார். ஷட்டருக்குக் கீழே, வெயிலில், தெருவில் போகிறவர்களின் கால்கள் மட்டும் தெரிந்தன. ஒரு சோடிச் செருப்பு கடை முன்னால் வந்து நின்றது. "உள்ள ஆளு இருக்கா?" என்று குரல் கேட்டது.

சார் ஸ்டூலைச் சத்தமில்லாமல் நகர்த்தி, முதுகால் திரையை மறைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.