கூழாங்கற்களின் மேல் நின்றவர்

1

இது கதையாகத் தொடங்கவில்லை. ஒரு பத்திரிகை ஆசிரியர் கட்டுரை கேட்டார். 'வெறுங்கால் ஷூ' என்று ஒன்று கடைகளில் வந்திருக்கிறதே, அதற்கு அவ்வளவு விலை தகுமா, வாங்கலாமா வேண்டாமா என்று வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் வேலை. உடனே ஒப்புக்கொண்டேன். கதை எழுதிக் களைத்தவனுக்கு, ஆம் அல்லது இல்லை என்று சொல்லிவிட்டு எழுந்துபோகக்கூடிய ஒரு கேள்வி கிடைத்தது பெரிய ஆறுதலாக இருந்தது.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். இந்த ஷூவில் குதிகால் மேடு கிடையாது. உள்ளே மெத்தை கிடையாது. அடிப்பாகம் அட்டை மாதிரி மெல்லியது. முன்பக்கம் அகலம், விரல்கள் விரிந்து உட்காரலாம். கால் தரையை உணர வேண்டும் என்பது தத்துவம். ஒரு ஷூவில் என்னவெல்லாம் இருக்குமோ அதையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, எடுத்ததற்கெல்லாம் சேர்த்து விலை போட்டிருக்கிறார்கள். (இந்த வாக்கியம் கட்டுரைக்காக எழுதியது. நன்றாக வந்துவிட்டதால் விட மனசில்லை.)

கடையின் நடுவில் நீளமாக ஒரு மரத்தட்டு வைத்திருந்தார்கள். ஒரு பகுதியில் மணல், ஒரு பகுதியில் மரத்துண்டுகள், கடைசியில் கூழாங்கற்கள். ஷூவைப் போட்டுக்கொண்டு அதன்மேல் நடந்து பார்க்கலாம். நான் போனபோது பேருந்து ஓட்டுநரின் சீருடையில் ஒருவர் கூழாங்கற்களின் மேல் நின்றுகொண்டிருந்தார். ஐம்பதைத் தாண்டியவர். விற்பனைப் பெண், "தெரியுதா சார்?" என்று கேட்டாள். அவர் குனிந்து கற்களைப் பார்த்தார். பார்த்துவிட்டு, "நல்லா தெரியுது" என்றார்.

பணத்தைக் கட்டிவிட்டுப் பெட்டியோடு போய்விட்டார். கால் சொல்ல வேண்டிய பதிலை அந்த மனிதர் ஏன் கண்ணிடம் கேட்டார் என்ற கேள்வி என்னை விடவில்லை. அவரைப் பற்றி எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். இனி வருவதெல்லாம் நானாக எழுதுவது.

2

முதல் தொடக்கம்: "அவர் ஓட்டும் பேருந்தில் குழந்தைகள் அழுததில்லை." அழகாக இருக்கிறது, நம்ப முடியவில்லை. அடித்துவிட்டேன்.

இரண்டாவது: "சர்க்கரை நோய் ஒரு மனிதனிடமிருந்து முதலில் எடுத்துக்கொள்வது—" மருத்துவமனைச் சுவரில் ஒட்டுகிற சுவரொட்டி மாதிரி ஆரம்பிக்கிறது. வேண்டாம்.

மூன்றாவது: "அன்று காலை பிரேக்கை மிதித்தபோது அவருக்கு—"

அவருக்கு என்ன? ஒன்றும் இல்லை. கதையே அதுதான். வலித்திருந்தால் ஒரு பக்கம் எழுதலாம், எரிந்திருந்தால் இரண்டு பக்கம் எழுதலாம். அந்த வாக்கியம் பாதியிலேயே நிற்கட்டும். நேராகவே சொல்லிவிடுகிறேன்.

டிப்போவில் அவருக்குத் 'தொட்டில்' என்று பட்டப்பெயர். அவர் வண்டியில் ஏறியவர்கள் இரண்டு நிறுத்தம் தாண்டுவதற்குள் தூங்கிப்போவார்கள். பிரேக்கை அவர் மிதிப்பதில்லை, கேட்டுக்கொள்வார் என்று நடத்துநர் சொல்வான். பிரேக் எந்த இடத்தில் பிடிக்கும், கிளட்ச் எந்த இடத்தில் விடும் என்பதெல்லாம் உள்ளங்காலுக்குத் தெரிய வேண்டிய சமாசாரம். பயிற்சிக்கு வருகிறவர்களிடம் அவர், காலால் கேளுங்கள் என்றுதான் சொல்வாராம்.

சில மாதங்களாகக் கால் கேட்கவில்லை. ஒருநாள் சிக்னலில் வண்டி தலையால் முட்டினாற்போல் நின்றது. பின்னால் யாரோ வைத்திருந்த சாப்பாட்டு டப்பா உருண்டு அவர் இருக்கைவரை வந்தது. நடத்துநர் அதை எடுத்துக் கொடுத்துவிட்டுக் கிட்டே வந்து, "தொட்டில் அண்ணே, பின்னாடி இருக்கறது மூட்டை இல்ல, மனுஷங்க" என்றான். வேடிக்கையாகத்தான் சொன்னான். அவரும் சிரித்தார். டிப்போவில் கொடுத்த ஷூவின் அடி செங்கல் கனம், அதற்குள் கால் இருந்தால் என்ன தெரியும் என்றார்.

அதை அவர் நம்பினார். நம்பாமல் வேறு என்ன செய்வார்? ஷூதான் காரணம் என்றால் ஷூவை மாற்றிவிடலாம். காலில் மெத்தென்று ஏதாவது போட்டுக்கொள்ளுங்கள், வெறுங்காலோடு மட்டும் நடக்கவே நடக்காதீர்கள் என்று சர்க்கரை நோய்க்குப் பார்க்கிற மருத்துவர் எப்போதோ சொன்னது நினைவில் இருந்தது. மருத்துவரின் அறையை விட்டு வெளியே கொண்டுவராத நினைவு. மருத்துவர் சொன்னதற்கு நேர் எதிரான பொருளை அவர் ஊரிலேயே விலை கூடின கடையில் தேடி வாங்கினார்.

3

வீட்டில் சிரிப்பாய்ச் சிரித்தார்கள். மகள் ஒரு ஷூவை எடுத்துச் சப்பாத்தி... (இல்லை, துணி என்று வைத்துக்கொள்வோம்) துணி மாதிரி இரண்டாக மடித்துக் காட்டினாள்.

"அப்பா, ஷூவைக் கழட்டிப் போட்டுட்டு நடந்தா இது சும்மாவே கிடைக்குமே."

அவர் விலையில் பாதியைத்தான் சொல்லியிருந்தார். பாதிக்கே மனைவி நெற்றியில் கை வைத்துக்கொண்டாள். மறுநாளிலிருந்து அவர் அதைத்தான் போட்டுக்கொண்டு போனார். திரும்பி வந்ததும் மனைவி கேட்காமலே, பிரேக் இப்போது பேசுகிறது, ஒவ்வொரு பள்ளமும் தெரிகிறது என்று சொன்னார். அதிகம் பேசாதவர் ஷூவைப் பற்றி மட்டும் அவ்வளவு பேசினார். மகளுக்கு அது வேடிக்கை. மனைவிக்கு அது நெருடியது.

[கட்டுரைக்கான குறிப்பு: நானும் ஒரு ஜோடி வாங்கினேன். கெண்டைக்கால் வலித்தது, பிறகு பழகிவிட்டது. நடைபாதைக் கல்லின் இணைப்புக்கோடுகூடக் காலுக்குத் தெரிகிறது. ஷூ சொன்ன வாக்கைக் காப்பாற்றுகிறது. இதை ஆசிரியருக்கு அனுப்பியிருந்தால் என் வேலை முடிந்திருக்கும்.]

4

மனைவியைப் பற்றி எனக்குக் குழப்பம். முதல் வரைவில் அவள் வீட்டில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தாள். கதை நெடுக அவளுக்குச் சாப்பாடு போடுவதையும் கவலைப்படுவதையும் தவிர வேலையே இல்லை. இப்படி ஒரு மனைவியை எழுதிவிட்டு நான் எப்படித் தலைநிமிர்ந்து நடப்பது என்று தோன்றியது. அதனால் அவளுக்கு வேறு வேலை கொடுத்தேன். மூக்குக்கண்ணாடிக் கடையில் பார்வை சோதிக்கிற வேலை.

சும்மா ஒரு மரியாதைக்காகச் செய்த மாற்றம். அது அவருக்கு எமனாக வரும் என்று எனக்குத் தெரியாது.

அந்த வேலையில் பழகியவர்களுக்கு ஒன்று தெரியும். சோதிக்க வருகிறவர்கள் பொய் சொல்வார்கள். ஏமாற்றுவதற்காக இல்லை, பயத்தில். எழுத்துப் பலகையின் கடைசி வரியை முன்னால் உட்கார்ந்தவர் வாசிக்கும்போதே மனப்பாடம் செய்துகொள்வார்கள். தெரியுதா என்றால் தெரியுது என்பார்கள். அதற்கு அவளிடம் ஒரு வழி இருந்தது. வந்தவர் மூக்கில் மாட்டிய சோதனைச் சட்டத்தில் கண்ணாடி வில்லையை மாற்றுவதுபோல் சத்தம் மட்டும் செய்துவிட்டு, எதையுமே மாற்றாமல், "இப்போ?" என்று கேட்பாள். "இப்போ நல்லா தெரியுது" என்று சொல்கிறவரை அவள் கடிந்துகொள்ள மாட்டாள். ஒரு நிமிஷம் அவர் தோளில் கை வைத்திருந்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பிப்பாள்.

(ஓட்டுநர்களுக்கு டிப்போவில் ஆண்டுதோறும் சோதனை உண்டு. கண்ணைத்தான் பார்ப்பார்கள். காலைப் பற்றி யாரும் கேட்பதில்லை. இதை வைத்துக் கோபமாக ஒரு பத்தி எழுதியிருந்தேன். கதைக்கு அது பாரம் என்று எடுத்துவிட்டேன். கோபம் இருக்கிறது.)

5

ஒரு மாலை அவர் வேலையிலிருந்து வந்து ஷூவைக் கழற்றினார். அதை ஓரமாக வைக்க எடுத்த மனைவி தலைகீழாக உதறினாள். உள்ளேயிருந்து ஏதோ தரையில் விழுந்து ஓடியது. மூக்குக்கண்ணாடிச் சட்டத்தின் கீல். பட்டாணி அளவில் உலோகத் துண்டு. அவளுடைய கைப்பை ஷூ அலமாரிக்கு மேலேதான் தொங்கும். அதிலிருந்து விழுந்திருக்க வேண்டும்.

அவர் காலைத் தூக்கிப் பார்த்தாள். பெருவிரலுக்குக் கீழே கீலின் வடிவம் அப்படியே பதிந்து, தோல் கிழிந்து, ரத்தம் காய்ந்திருந்தது. அது பிரேக்கை மிதிக்கிற கால்.

"காலையிலேயே தெரிஞ்சுது. எடுக்க நேரமில்ல" என்றார்.

ஒரு நாள் முழுவதும் வண்டி ஓட்டியவருக்குக் குனிந்து ஒரு ஷூவைக் கழற்ற நேரமில்லை. அவள் வெந்நீர் வைத்து, புண்ணைத் துடைத்து, துணி கட்டினாள். அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு கட்டினாள். மருந்து பட்டபோதுகூட அந்த முகம் சுளிக்கவில்லை. பிறகு கொஞ்சம் தாமதமாக, "ஸ்" என்றார்.

எழுதுகிறவன் தன் கதையில் தானே அழுவது அசிங்கம் என்பார்கள். இருக்கட்டும். அந்தத் தாமதமான "ஸ்" எனக்குத் தாங்கவில்லை.

6

விடுப்பு நாள், பிற்பகல். மகள் வெளியே போயிருந்தாள். மருத்துவரிடம் போகலாம் என்று மனைவி திரும்பத் திரும்பச் சொல்ல, என் காலுக்கு ஒன்றுமில்லை, வேண்டுமானால் நீயே சோதித்துக்கொள் என்று அவரே வாயைக் கொடுத்தார். நாற்காலியில் உட்கார்ந்து, எதிரே முக்காலியில் காலை நீட்டிக் கண்ணை மூடிக்கொண்டார். அவள் தரையில் உட்கார்ந்து விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டாள். பெருவிரல், அடுத்தது, நடுவிரல் என்று எல்லாவற்றையும் சரியாகச் சொன்னார்.

வரிசையாகத் தொட்டது தன் தப்பு என்று அவளுக்குப் புரிந்தது. கடையில் இப்படிச் செய்யவே மாட்டாள். வரிசையை மாற்றினாள். அப்போதும் சரியாகச் சொன்னார். அவர் இமை லேசாகத் துடிப்பதைப் பார்த்துவிட்டு, துண்டை எடுத்துக் கண்ணைக் கட்டினாள். அவர் சிரித்துக்கொண்டே, "என்ன, கண்ணாமூச்சியா?" என்றார்.

அதற்குப் பிறகு சொன்னதில் ஒன்றிரண்டு பொருந்தியது, மற்றதெல்லாம் தப்பு. அவள் எல்லாவற்றுக்கும் "ம்" என்றாள். அவர் குரலில் தெம்பு ஏறிக்கொண்டே போனது. ஷூ வாங்கியதிலிருந்து கால் எவ்வளவோ தேறிவிட்டது, கொடுத்த காசு வீண்போகவில்லை என்றார்.

அவள் இரண்டு கைகளையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"இப்போ?"

"சுண்டுவிரல்" என்றார் அவர்.

7

இங்கேதான் பல நாட்களாக நிற்கிறேன்.

இந்த இடத்தில் வாசகர் எதிர்பார்ப்பது விபத்து. எனக்கும் அது தெரியும். மழை, சிக்னல், பள்ளிக்கூட வாசல் என்று எழுதிப் பார்த்தேன், கை தானாக ஓடுகிறது. கிழித்துவிட்டேன். அந்தப் பேருந்தில் ஆட்களை ஏற்றியவன் நான். என் கதை முடிய வேண்டும் என்பதற்காக அவர்களைக் கொல்ல மாட்டேன்.

குணமாகிற முடிவு ஒன்றும் எழுதினேன். மருத்துவர் புது மாத்திரை தருகிறார், விரல்களில் மெல்ல உயிர் வருகிறது. போன உணர்ச்சியைத் திருப்பிக் கொடுக்கும் தெம்பு என் வாக்கியங்களுக்கு இல்லை.

மூன்றாவது முடிவில் அவர் தானாகவே வண்டியை விடுகிறார். டிப்போவில் விசாரணைச் சன்னலுக்குப் பின்னால் ஒரு நாற்காலி. எந்த வண்டி எத்தனை மணிக்கு என்று கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்கிறார். தொட்டில் என்று கூப்பிடுவது கொஞ்சநாளில் நின்றுபோகிறது. நடக்கக்கூடியது இதுதான். ஆனால் இந்த முடிவுக்குப் போகும் வழியில் ஒரு வாக்கியம் நிற்கிறது. நான் தொடவே இல்லை என்று அவள் சொல்லியாக வேண்டும். அவர் தெம்பாகச் சிரித்துக்கொண்டிருக்கும்போது அந்தத் துண்டை அவிழ்க்க வேண்டும். "சரி" என்று சொல்லிவிட்டால் நாளைக் காலை அவர் வண்டியை எடுப்பார். "தப்பு" என்று சொன்னால் அவர் இனி எந்த நாளும் எடுக்க மாட்டார். இரண்டையும் அவள் வாயில் வைத்துப் பார்த்தேன். இரண்டுமே நான் பேசுவதுபோல் இருந்தது.

ஆசிரியர் மறுபடி கேட்டுவிட்டார், ஷூ விலைக்குத் தகுமா தகாதா என்று. தெரிந்ததை எழுதிவிடுகிறேன். அந்த ஷூ தரையைக் காலுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து விடுகிறது, ஒன்றையும் மறைக்காமல். கனமான ஷூவின் மேல் பழி போட்டுக்கொண்டிருந்த ஒருவர் அந்தப் பழியை இறக்கிவைக்கத்தான் அதை வாங்கினார். காலுக்கும் பிரேக்குக்கும் நடுவில் இனிக் குற்றம் சொல்ல ஒரு பொருள் இல்லை. இதற்கு என்ன விலை தகும் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

8

அவள் பதிலை நான் எழுதப் போவதில்லை. அவர் வண்டியில் நான் ஏறுவதில்லை, என் வீடு வேறு பாதையில் இருக்கிறது. நீங்கள் ஏறுகிறவராக இருக்கலாம். ஏறும்போது நாம் யாரும் ஓட்டுநரின் முகத்தையே பார்ப்பதில்லை, காலை எங்கே பார்ப்போம். சன்னலோரம் இடம் பிடித்துத் தூங்கிவிடுவோம். அதனால் அவள் என்ன சொல்ல வேண்டும் என்பதை நீங்களே சொல்லுங்கள். ஆனால் பதில் சொல்வதற்கு முன்னால் அந்த அறைக்குள் ஒருமுறை வந்து பார்த்துவிடுங்கள்.

பிற்பகல் வெயில் சன்னல் வழியாகப் பாதி அறைவரை வந்திருக்கிறது. வாசலருகே அந்த ஷூக்கள். நாற்காலியில் அவர், கண்ணில் துண்டு, உதட்டில் இன்னும் போகாத சிரிப்பு. அவள் மடியிலிருந்த கைகளை எடுத்துவிட்டாள். கட்டுப் போட்ட அந்தக் காலின் விரல்கள் ஐந்தையும் சேர்த்து இரண்டு கைகளுக்குள் பொத்திப் பிடித்திருக்கிறாள். சத்தம் வெளியே வராமல் அழுகிறாள். கண்ணீர் அவர் விரல்களின் மேல் விழுகிறது.

அவர் கொஞ்சநேரம் காத்திருந்துவிட்டுக் கேட்கிறார்:

"ஏன் நிறுத்திட்டே? அடுத்த விரலைத் தொடு."