தீட்டு இல்லாத சாவு

விடிகாலையில் அகிலாண்டேஸ்வரியின் உயிர் பிரிந்தது. ஆள் கூட்டிவரத் தெருவுக்குப் போன அவள் கணவர் சேஷகிரி, வெயில் ஏறிய பிறகு தனியாகத் திரும்பி வந்தார். மிஷன் ஆஸ்பத்திரியின் பெண்கள் வார்டில் கட்டிலைக் கழுவிக்கொண்டிருந்த துரைக்கண்ணு, அவரைப் பார்த்ததும் துணியைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள். ஏசத்தான் வருகிறார் என்று நினைத்தாள். ஏசினால் வாங்கிக்கொள்ளலாம் என்று மனத்தையும் தயார்செய்துகொண்டாள்.

அவர் ஏசவில்லை. வாசற்படிக்கு வெளியிலேயே நின்றார்.

"அவ ஒத்துண்டாளா? நீங்க கேட்டதுக்கு அவ வாயாலே சரின்னு சொன்னாளா? அது மட்டும் சொல்லுங்கோ."

துரைக்கண்ணு ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். நேற்று இதே கேள்வியைப் பாதிரியார் கேட்டபோது, ஆமாம் ஐயா என்று கண்ணீரோடு சொன்னவள்தான் அவள்.

சேஷகிரி மலைக்கோவில் மடைப்பள்ளியில் சமைப்பவர். அவருக்கு முன் அவர் அப்பாவும் அங்கேதான் சமைத்தார். மனைவிக்குச் சயரோகம் முற்றி, ஊரில் வேறு வழியில்லாமல் இங்கே கொண்டுவந்து சேர்த்திருந்தார். வார்டுப் பானைத் தண்ணீரை அகிலாண்டேஸ்வரி தொடமாட்டாள். மத்தியான நைவேத்தியம் முடிந்ததும் சேஷகிரி வீட்டுக்குப் போய்ச் செம்பில் தண்ணீரும் தூக்கில் ரசம் சாதமும் கொண்டுவருவார். அதுவரை அவள் உதட்டை நாக்கால் தடவிக்கொண்டு வாசலைப் பார்த்தபடி படுத்திருப்பாள். கோபத்தாலோ வீம்பாலோ அல்ல. இன்னொருவர் வீட்டுப் புடவையை எடுத்து உடுத்திக்கொள்ள மாட்டோம் அல்லவா, அதுபோல.

வார்டைப் பெருக்கித் துடைப்பது, பெண்களைத் துடைத்து உடுத்துவது, சாகப்போகிறவர்கள் அருகில் உட்கார்ந்து வேதம் வாசிப்பது எல்லாம் துரைக்கண்ணுவின் வேலை. கடைசியாகச் சொன்னதை யாரும் அவளுக்கு விதிக்கவில்லை. மணவூருக்குப் பக்கத்துச் சேரியில் அவள் அம்மா ஞானஸ்நானம் பெறாமலே செத்துப்போனாள். துரைக்கண்ணு விசுவாசத்துக்கு வந்தது அதற்குப் பிறகு. அம்மா எங்கே இருக்கிறாள் என்று ஒருமுறை பாதிரியாரைக் கேட்டாள். அவர் சொன்ன பதிலில் அன்பு இருந்தது, ஆனால் அம்மா இல்லை. அன்றிலிருந்து இன்னொருத்தியின் அம்மா அப்படிப் போய்விடக் கூடாது என்பது அவளுக்குள் ஒரு வலியாகவே நின்றுவிட்டது. யாருக்காவது மூச்சு மாறிவிட்டது என்று தெரிந்தால் அவளால் சும்மா இருக்க முடியாது.

நேற்று பரணி. மறுநாள் ஆடிக் கிருத்திகை என்பதால் பள்ளிப்பட்டுப் பக்கத்திலிருந்தும் அதற்கு அப்பாலிருந்தும் காவடிகள் வந்துகொண்டே இருந்தன. மலைப்படி முழுவதும் ஜனம். சேஷகிரி மத்தியானம் வரவில்லை. அகிலாண்டேஸ்வரிக்கு மூச்சு மாறிவிட்டது. துரைக்கண்ணு அருகில் உட்கார்ந்து ஜெபித்தாள். இயேசுவை ஏற்றுக்கொள்கிறீர்களா அம்மா என்று காதோரம் கேட்டாள். பிறகு வார்டுப் பானையில் மொண்டுவைத்திருந்த டம்ளர் தண்ணீரை உதட்டருகே கொண்டுபோனாள். இவள் குடிக்கமாட்டாள் என்று நினைத்துக்கொண்டேதான் கொண்டுபோனாள்.

அகிலாண்டேஸ்வரி தலையை அசைத்தாள். குடித்தாள்.

துரைக்கண்ணு டம்ளரைச் சாய்த்துப் பிடித்தாள். தெருவில் அவள் நடந்தால் ஒதுங்கிக்கொள்ளும் வீட்டுப் பெண் ஒருத்தி, அவள் மொண்ட தண்ணீரை அவள் கையாலேயே குடிக்கிறாள். கர்த்தர் இந்த அறைக்குள் வந்திருந்தாலொழிய இது நடக்குமா? மிச்சம் இருந்த தண்ணீரை மூன்று முறை நெற்றியில் விட்டு, பிதா குமாரன் பரிசுத்த ஆவியின் பெயரைச் சொன்னாள். அந்த மத்தியானத்தில் தன்னைவிட நிறைந்த மனத்தோடு இந்த ஊரில் யாரும் இருந்திருக்க முடியாது என்று அவளுக்குத் தோன்றியது.

சேஷகிரி சாயங்காலம் செம்போடு ஓடிவந்தபோது அகிலாண்டேஸ்வரியால் விழுங்க முடியவில்லை. அதற்குள் செய்தி கடைத்தெருவுக்குப் போயிருந்தது.

இப்போது வாசற்படிக்கு வெளியில் நின்றபடி அவர் மெதுவாக விஷயத்தைச் சொன்னார். மடைப்பள்ளியில் சமைப்பவர்கள் எல்லோரும் பங்காளிகள். ஒருவர் மனைவி செத்தால் அத்தனை பேருக்கும் பத்து நாள் தீட்டு. யாரும் கோவில் அடுப்பைத் தொட முடியாது. வெளியூரிலிருந்துதான் ஆள் கொண்டுவர வேண்டும். கிருத்திகையும் தெப்பமும் போய்விடும். பங்காளிகளில் மூத்தவரான, சேஷகிரிக்கு அண்ணன் முறையான குமாரசுவாமி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு நிதானமாகச் சொன்னாராம், மதம் மாறிப் போனவளுக்கு நமக்குத் தீட்டு கிடையாது, நீயும் ஒரு முழுக்குப் போட்டுவிட்டு மேலே வா, ஆள் போதவில்லை என்று.

"எனக்குத் தீட்டு இல்லையாம்" என்றார் சேஷகிரி. "பொண்டாட்டி செத்து எனக்குத் தீட்டு இல்லேன்னா, அப்போ செத்தது யாரு?"

 அவள் சம்மதிக்கவில்லை என்று துரைக்கண்ணு ஒரு வார்த்தை சொன்னால் இந்த மனிதருக்கு அவர் மனைவி கிடைத்துவிடுவாள். ஆனால் அந்த வார்த்தையைச் சொன்னால், நேற்று மத்தியானம் அந்த அறைக்குள் யாரும் வரவில்லை என்று ஆகிவிடும். தாகம் மட்டும்தான் வந்தது. தன் கையை ஒருத்தி ஏற்றுக்கொண்டாள் என்பதும் இல்லை. ஒரு டம்ளர் ஏற்றுக்கொள்ளப்பட்டது, அவ்வளவுதான். அகிலாண்டேஸ்வரியின் ஆத்துமாவைப் பற்றித்தான் கவலைப்படுகிறோம் என்று அவள் தன்னிடமே சொல்லிப் பார்த்தாள். அந்தக் கவலைக்கு அடியில் தன் சந்தோஷம் ஒன்று பதுங்கி இருப்பது தெரிந்தபோது அவளுக்கு வெட்கமாக இருந்தது.

"வந்து சொல்றேங்கய்யா" என்றாள்.

மலையடிவாரத் தெருவில் குமாரசுவாமி மேலே ஏறப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். துரைக்கண்ணு நடுத்தெருவில் நின்றாள். சாட்சி சொல்ல வந்திருக்கிறாள் என்றார் சேஷகிரி.

"சாட்சியா? நன்னா இருக்கே. கோர்ட்டு வச்சிருக்கேனா நான்?" என்று குமாரசுவாமி சிரித்தார்.

"அந்தம்மா எங்க ஜனம் இல்லீங்க" என்றாள் துரைக்கண்ணு. குரல் அவளுக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னாள். "நான் கேட்டது அவங்களுக்கு விளங்கியிருக்காது. தாகத்திலே தலையாட்டினாங்க. அது சம்மதம் இல்லீங்க. தப்பு என்னுதுங்க."

சொல்லி முடித்தாள். இனி நேற்றைய மத்தியானத்தில் தனக்கென்று எதுவும் மிச்சம் இல்லை. சேஷகிரி, குமாரசுவாமியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

குமாரசுவாமி அவள் பக்கம் திரும்பினார்.

"தாகம்னா தண்ணி கொடுத்தியோ?"

"ஆங், குடுத்தேங்க."

"யார் மொண்டு?"

"நான்தாங்க."

"குடிச்சாளா?"

பொய் சொல்லலாம் என்று அவளுக்குத் தோன்றுவதற்குள் தலை அசைந்துவிட்டது.

"அப்புறம் என்னடா சேஷகிரி? ஞானஸ்நானம் கிடக்கட்டும். இவ கைத் தண்ணியைக் குடிச்சுட்டுப் போனவளுக்கு நான் எப்படித் தீட்டுக் காக்கறது?"

சேஷகிரி அவரிடம் சண்டை போடவில்லை. "இந்த ஊர் ஆந்திராவா மெட்ராஸான்னு இத்தனை வருஷமா முடிவாகலை அண்ணா. அவ யாருன்னு ஒரு டம்ளர் தண்ணியிலே முடிவு பண்ணிட்டேளே" என்று மட்டும் சொன்னார். பெரியவர் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுப் படி ஏறத் தொடங்கினார். மேலே அரோகரா சத்தம் அலை அலையாகக் கேட்டுக்கொண்டிருந்தது.

பெருமாள் என்கிற வண்டிக்காரரின் மாட்டு வண்டியில் அகிலாண்டேஸ்வரி நந்தியாற்றங்கரைச் சுடுகாட்டுக்குப் போனாள். பங்காளிகள் வரவில்லை, புரோகிதரும் வரவில்லை. துரைக்கண்ணு ஆஸ்பத்திரி வேலி வரைக்கும் வண்டிக்குப் பின்னால் நடந்தாள். அதற்குமேல் நடக்கத் தனக்கு என்ன உரிமை என்று தெரியாமல் நின்றுவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு முன்னால் பாதிரியாரிடம் போய், ஞானஸ்நானம் பெற்றவர்களோடு அகிலாண்டேஸ்வரியின் பெயரை வாசிக்க வேண்டாம் என்றாள். நடந்ததை எல்லாம் சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டார். கிருபை தாகத்தின் வழியாகவும் வரும் அம்மா, நீ அதை அளக்காதே என்றார். அவர் கெட்டவர் அல்ல. அதனால்தான் அவளால் அவரிடம் வாதாட முடியவில்லை. கடைசி நேரத்தில் கிருபை பெற்ற சகோதரி அகிலாண்டத்துக்காக ஸ்தோத்திரம் என்று அவர் சொல்ல, அவளை ஒருநாளும் பார்த்திராதவர்கள் சந்தோஷமாக ஆமென் என்றார்கள். அவள் பெயரைச் சரியாகக்கூடச் சொல்லவில்லையே என்று துரைக்கண்ணு நினைத்தாள். முதல் பாட்டு முடிவதற்குள் எழுந்து வெளியே வந்துவிட்டாள்.

கால் சேஷகிரியின் தெருவுக்குத்தான் போயிற்று.

சேஷகிரி மடைப்பள்ளிக்குப் போகவில்லை என்று கேள்விப்பட்டிருந்தாள். யாரும் ஒப்புக்கொள்ளாத தீட்டைத் தானே காத்துக்கொண்டு வீட்டில் இருந்தார். கதவு அகலத் திறந்திருந்தது. துக்கம் கேட்க வருகிறவர்களுக்காக வாசலுக்கு நேரே ஒரு பாய் விரித்திருந்தது. அதில் யாரும் உட்கார்ந்த மாதிரி இல்லை. அவர் சுவரில் சாய்ந்திருந்தார். முகத்தில் நரைத்த ரோமம்.

துரைக்கண்ணு தெருவில் நின்றாள். இருவர் வீட்டிலும் ஒரே வழக்கம்தான். துக்கம் கேட்க வருகிறவருக்கு எல்லாம் தெரிந்திருந்தாலும், ஒன்றும் தெரியாதவர்போல் என்ன ஆயிற்று என்று கேட்க வேண்டும். வீட்டுக்காரர் முதலிலிருந்து சொல்ல வேண்டும். வருகிற ஒவ்வொருவருக்கும் சொல்லிச் சொல்லித்தான் அது நடந்துவிட்டது என்று மனசுக்குப் பழகும். இவர் இன்னும் ஒருவருக்கும் சொல்லவில்லை.

"அம்மாவுக்கு என்ன ஆச்சுங்கய்யா?" என்று கேட்டாள்.

அவர் நிமிர்ந்து பார்த்தார்.  இவள் கேலிசெய்கிறாளா என்றுகூட நினைத்திருக்கலாம். பிறகு மேல்துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

"தை மாசம் இருமல்னு ஆரம்பிச்சுது" என்றார். "கஷாயம் போட்டுக் குடிச்சா. எனக்குத் தெரியாமத்தான் குடிச்சிருக்கா, நான் கவலைப்படுவேன்னு." தொடர்ந்து சொன்னார். ரத்தம் பார்த்த நாள், வண்டியில் கொண்டுவந்தது, டாக்டர் சொன்னது, எல்லாம். எதிர்வீட்டு ஜன்னல் ஒன்று சாத்திக்கொண்டது. அவர் நிறுத்தவில்லை. பேச்சு பரணி மத்தியானத்துக்கு வந்ததும் நிறுத்திவிட்டார்.

"அப்போ நான் இல்லை" என்றார். "அதை என்னாலே சொல்ல முடியாது. நான் அங்கே இல்லை."

துரைக்கண்ணு அந்த மத்தியானத்தை எத்தனையோ தரம் நினைத்துப் பார்த்தவள். தான் கேட்டது, தான் கொடுத்தது, தான் நெற்றியில் விட்டது எல்லாம் அவளுக்கு மனப்பாடம். இப்போதுதான் அந்த அறையில் இன்னொரு குரலும் இருந்தது நினைவுக்கு வந்தது.

"கூட்டம் இறங்கிடுச்சான்னு கேட்டாங்க" என்றாள். "நான் ஜெபம் பண்ணிக்கினு இருந்தேன். நடுவிலே கேட்டாங்க. திருப்பியும் கேட்டாங்க. சுர வேகத்திலே பேசறாங்கன்னு நினைச்சேன். நான் பதிலே சொல்லலைங்க."

சேஷகிரியின் வாய் கோணிற்று.

"கூட்டம் இறங்கினாத்தான் நான் இறங்க முடியும்" என்றார். "அவளுக்குத் தெரியும்."

அவர் அழுது முடியும்வரை அவள் வெயிலிலேயே நின்றாள். கடைசியில் அவர் அவளைப் பார்த்தார். பார்வையில் கோபம் இல்லை.

"இறங்கிடுத்துன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அம்மா" என்றார்.