ஒப்பீட்டுக்கு எடுத்த ரத்தம்

பதினோரு வருடமாக அந்தப் பரிசோதனைக்கூடத்தில் அவள் வேலையை ஒருவரும் குறை சொன்னதில்லை. துடைத்த மேசையையே மறுபடி துடைப்பாள். கூட வேலை செய்பவர்கள் வைத்த பட்டப்பெயர் ‘துடைப்பம்’. அதில் அவளுக்கு உள்ளூரக் கொஞ்சம் பெருமை கூட உண்டு.

மூக்குக்குப் பின்னால், தொண்டை தொடங்கும் இடத்தில் ஒரு புற்றுநோய் வரும். கமுக்கமான பேர்வழி, சுலபத்தில் தலைகாட்டாது. ஆனால் அதோடு ஒட்டித் திரியும் ஒரு வைரஸின் மரபணுத் துண்டுகள் ரத்தத்தில் சிந்தும். அவற்றைத் தேடி எண்ணுவதுதான் இவள் வேலை. ஒவ்வொரு முறையும் இருபது நோயாளிகளின் ரத்தத்தோடு, ஒப்பீட்டுக்காக நல்ல திடகாத்திரமான ஆள் ஒருவரின் ரத்தத்தையும் கருவியில் வைப்பார்கள். திரையில் அவருடைய கோடு மட்டும் தரையோடு தரையாகப் படுத்திருக்க வேண்டும். எழுந்தால் எங்கோ கலப்படம். மொத்தத்தையும் கொட்டிவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

அன்று வழக்கமாக ரத்தம் கொடுப்பவர் விடுப்பு. வீட்டுச் சாவியைக் கொடுக்க வந்த அண்ணனை மடக்கி உட்கார வைத்தாள். அண்ணன் பேருந்து ஓட்டுநர், ஆள் மலை மாதிரி இருப்பார்.

“பாத்து எடும்மா, உங்க அண்ணி ஏற்கெனவே பாதி உறிஞ்சிட்டா” என்று படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுச் சட்டையைச் சுருட்டினார்.

அந்த ரத்தத்தின் கோடு எழுந்தது.

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. எல்லாவற்றையும் கொட்டினாள். மேசை, கருவி, கதவின் கைப்பிடி வரை துடைத்து, குளிர்பெட்டியில் மிச்சமிருந்த ரத்தத்தை மறுநாள் மறுபடி வைத்தாள். மறுபடி எழுந்தது. மறுபடி கொட்டினாள். முடிவுக்குக் காத்திருந்த நோயாளிகளின் வீட்டார் தொலைபேசியில் குடைந்தெடுத்தார்கள். தலைமை மருத்துவர் அம்மாள் கண்ணாடியைக் கழற்றினார்.

“உன் கைதான் எங்கயோ தவறுது. ஒத்துக்கோயேன், என்ன குறைஞ்சிடும்?”

“என் கை தவறல, மேடம்!”

அவளும் விடுவதாக இல்லை. மூன்றாவது தடவை அதே ரத்தத்தைப் பக்கத்து அறைத் தோழியிடம் கொடுத்தாள். வேறு கருவி, வேறு மருந்து, வேறு கை. மதியம் முடிவு வந்தது. கோடு விறுவிறுவென்று ஏறியிருந்தது.

“பாத்தீங்களா! என் கை சுத்தம்னு சொன்னேன்ல!” என்று தலைமை மருத்துவரிடம் சொல்லத் துள்ளி எழுந்தவள், அப்படியே நின்றுவிட்டாள். கை சுத்தம் என்றால், அது யார் ரத்தம்? இத்தனை நாள் மேசையைப் பார்த்தாள், மருந்தைப் பார்த்தாள். அண்ணனைப் பார்க்கவில்லை. கடவுளே, தப்பு என்னுடையதாகவே இருக்கட்டும் என்று பதினோரு வருடத்தில் முதல் தடவையாக வேண்டிக்கொண்டாள்.

வெளியே ஓடிப்போய் அண்ணனைத் தொலைபேசியில் பிடித்தாள்.

“அண்ணே, உனக்கு மூக்கு, காது எல்லாம் நல்லாத்தானே இருக்கு?”

“வலது காது ரெண்டு மாசமா அடைப்பு. நல்லதாப் போச்சுன்னு அந்தப் பக்கமே உங்க அண்ணியை உக்கார வச்சுக்கறேன்.”

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. காது அடைப்பும் அந்த நோயின் ஓர் அறிகுறி.

தலைமை மருத்துவர் இப்போது குரலைத் தாழ்த்திப் பேசினார். “சில பேருக்கு ரத்தத்துல இந்த வைரஸ் துண்டு தானா வந்து தானா போயிடும். ஒரு மாசம் கழிச்சுப் புதுசா ரத்தம் எடுத்துப் பாப்போம்.” அந்த ஒரு மாதத்தை அவள் எப்படித் தள்ளினாள் என்பது அவளுக்கே வெளிச்சம். மாதம் முடிந்தும் கோடு இறங்கவில்லை. மூக்கு வழியாகக் குழாய்க் கேமராவை விட்டுப் பார்த்த மருத்துவர், மிளகளவு ஒரு தடிப்பைக் காட்டினார். கிள்ளி எடுத்துச் சோதித்ததில் அதேதான். முதல் கட்டம், கதிர்வீச்சே போதும், பெரும்பாலும் குணமாகிவிடும் என்றார்.

மருத்துவமனை நடைவழி பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்து அண்ணன் அவள் முதுகில் தட்டினார்.

“எதுக்கு அழற? இவ்வளவு சீக்கிரமாக் கண்டுபிடிச்சதே நீதானே?”

“நான் எங்கண்ணே கண்டுபிடிச்சேன்? ரெண்டு தடவை உன் ரத்தம் கத்திச் சொல்லுச்சு. ரெண்டு தடவையும் குப்பைன்னு கொட்டினேன்.”

அண்ணன் அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

“மூணாவது தடவை கொட்டலையே. விடு.”