பல் முளைத்த சுடர்

ஊர்க்காவலன், தன் தங்கை வீட்டுப் பால்காய்ப்பில் சாப்பிட்டோமா, கையைக் கழுவினோமா என்று வந்திருக்கலாம். "எங்க வீட்டம்மா வாயத் தொறக்கணும்னா வெடி லைசென்சு எடுக்கணும்" என்று பந்தியில் சொல்லி வைத்தார். அவரோடு வேலை பார்க்கும் தாயில்பட்டிப் பட்டாசு கம்பெனிச் சனம் மொத்தமும் சிரித்தது. அவர் மனைவி இருளம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து அவரிடம் பேசவும் இல்லை.

சோறு வந்தது, குழம்பு வந்தது, பேச்சுதான் வரவில்லை. முதலில் நிம்மதி என்று பீற்றிக்கொண்டவருக்கு, போகப் போக அவள் குரல் இல்லாத வீடு பிடிக்கவே இல்லை.

அப்போதுதான் மகள் இசைவாணி, விருதுநகரில் தான் படிக்கும் கல்லூரியின் கண்காட்சிக்கு இருவரையும் வரச் சொன்னாள். ஒலியை ஆராய அந்தக் காலத்தில் பயன்படுத்திய கருவிகளைத் தூசி தட்டி வைத்திருந்தார்கள். அவள் பொறுப்பில் இருந்தது ஒரு சின்ன கேஸ் சுடர். அதோடு இணைத்த புனலில் பேசினால் சுடர் துடிக்கும். அந்தத் துடிப்பு, பக்கத்தில் சுழலும் கண்ணாடியில் ரம்பப் பல் வரிசையாகத் தெரியும். குரல் உயர்ந்தால் பல்லும் உயரும்.

அம்மாவைத்தான் முதலில் பேசச் சொன்னாள். இருளம்மாள் கணவரை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு உதட்டை இறுக்கிக்கொண்டாள். ஊர்க்காவலனே முன்னால் வந்தார். போட்டிருந்தது கம்பெனிச் சட்டை, மார்பெல்லாம் வெடிமருந்தில் கலக்கும் அலுமினியப் பொடியின் கறை.

"இருளம்மா, நான் சொன்னது தப்புத்தேன்" என்று புனலுக்குள் மெல்லச் சொன்னார். கண்ணாடியில் அரிசிப் பல்லாக ஏதோ தெரிந்தது. அதை நன்றாகப் பார்க்கச் சுடர்ப் பக்கம் குனிந்தார்.

"மருந்துச் சட்டையோட தீக்கிட்டப் போறீகளே, கூறு இருக்கா ஒங்களுக்கு?"

இருளம்மாள் எட்டி நின்றுதான் கத்தினாள். ஆனாலும் கண்ணாடியில் பற்கள் எகிறிக் குதித்தன. இசைவாணி சிரிப்பை அடக்கிக்கொண்டு சுடரை அணைத்தாள்.

பஸ் ஏறியும் வசவு ஓயவில்லை. ஊர்க்காவலனுக்கு மனம் குளிர்ந்துபோயிற்று. சிவகாசி தாண்டியதும் துணிச்சல் வந்து உண்மையை உடைத்தார். சட்டையில் மருந்தே இல்லை, துவைத்த சட்டைதான், கறைதான் போகவில்லை, மகள் சுடரைப் பற்றிச் சொன்னதும் உன்னைப் பேசவைக்கத்தான் தேடி மாட்டிக்கொண்டு வந்தேன் என்றார்.

இருளம்மாள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். மறுபடியும் வாயை மூடிவிட்டாளோ என்று அவருக்குத் திக்கென்றது.

"தொவைச்சவ நாந்தேனே, எனக்குத் தெரியாதா? நானும் எம்புட்டு நாளைக்குத்தேன் பேசாம இருக்கறது?"