தொட்டி விளிம்பில் பம்பரம்

என் தாத்தா பேசாப்படக் காலத்தில் பெரிய சிரிப்பு நடிகர். ஊரே அவரைப் பம்பரம் என்றது. வீட்டிலோ வாய்க்குப் பூட்டு. கடைசிப் படத்துக்குப் பிறகு அவருக்குக் குரலே எழும்பவில்லை. எப்போதாவது உதடு மட்டும் அசையும்.

"அதுவும் சின்னப் பிள்ளையில நான் குளிக்கும்போது மட்டும்தான்டா," என்பாள் அத்தை, அவருடைய மகள். "தொட்டியில இறங்கினா போதும், வந்து நின்னு திட்டுற மாதிரி உதட்டை அசைப்பார். மூஞ்சியப் பார்க்கவே பயமா இருக்கும். நான் தண்ணியில விளையாடுறதுகூட அந்த மனுஷனுக்குப் பொறுக்கல." எண்பது தாண்டியும் அந்தக் கோபம் ஆறவில்லை. அவர் படம் மாட்டியிருந்த ஆணியைக்கூடப் பிடுங்கி எறிந்தவள் அவள்.

பழைய படச்சுருள்களைச் சுத்தம் செய்து கணினியில் ஏற்றுவது என் பிழைப்பு. தாத்தாவின் கடைசிப் படம் என் மேசைக்கே வந்தது. எல்லோருக்கும் தெரிந்த தொட்டிக் காட்சி: ஒரு பம்பரம் தண்ணீரில் விழுந்து தத்தளிக்கும், இன்னொரு பம்பரம் விளிம்பில் நின்று கைகொட்டிச் சிரிக்கும். ஒரே ஆளை இருமுறை எடுத்து ஒட்டிய தந்திரம் என்று விவரம் தெரிந்தவர்கள் எழுதியிருந்தார்கள்.

ஒட்டினால் நடுவில் கோடு தெரியும். ஒவ்வொரு பிரேமாகத் தேடினேன். கோடு இல்லை. இருந்தது இரண்டு ஆள். தாத்தாவின் தம்பி அவரை உரித்துவைத்தாற்போல் இருப்பாராம். அந்த வருஷம்தான் கப்பலேறிப் போனார், ஒரு கடிதம்கூடப் போடவில்லை என்பது வீட்டுக் கதை.

அது கையால் சுற்றும் கேமராவில் எடுத்தது. பிற்காலத்தில் வந்த திரையிடும் இயந்திரங்கள் அதை ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டின. அந்தத் துடிப்பைப் பார்த்துத்தான் மூன்று தலைமுறை வயிறு வலிக்கச் சிரித்தது. படம் எடுத்த வேகத்துக்கே நான் அதை இறக்கி, அத்தையை அழைத்து உட்காரவைத்தேன்.

மெதுவாக ஓடியபோது சிரிக்க ஒன்றுமில்லை. தண்ணீரில் இருந்தவரின் கை விளிம்பைத் தேடி வழுக்கியது. மேலே நின்றவர் சிரித்தார். கை மறுபடி மேலே வரவில்லை. அந்தச் சிரிப்பு முகத்திலேயே காய்ந்துபோக, உதடு வேறெதையோ சொன்னது. தண்ணீரின் மேல் கேமராக்காரனின் நிழல் விழுந்திருந்தது. அதன் கை நிற்காமல் சுற்றிக்கொண்டே இருந்தது.

அத்தை என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"இதேதான்டா. இதே உதடு."

"என்ன சொல்றாரு அத்தை?"

அவள் உதடும் கூடவே அசைந்தது. "போதும்... மேல வா. மேல வா."

அத்தை என் பக்கம் திரும்பினாள்.

"அப்போ என்னைத் திட்டலையாடா?"

காட்சி முடிந்து மறுபடி தொடங்கியது. அத்தை இரண்டு கால்களையும் தரையிலிருந்து தூக்கி நாற்காலிமேல் மடக்கிக்கொண்டாள். திரையில் அவர் இன்னும் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்.

"வந்துட்டேன்ப்பா," என்றாள் அத்தை. "பாருங்க, மேல வந்துட்டேன்."